அக்காவுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள்

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பலருக்கு அக்கா புத்தகம் கொடுத்திருக்கிறார். ஆனால் முழுப் புத்தகம் கொடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. முதல் பாகம் கையில் வந்திருக்கும். அதை முடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பாகம் வரும். இது என்ன பழக்கம் என்று அவரிடம் கேட்கத் தயங்கியவர்களுக்காக, பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்கா கடலூர் முதுநகரில் பிறந்தார். அப்பா அங்கே தையல்கடை வைத்திருந்தார். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நான்கு பேர். நான்கு பேருக்கும் கதை வேண்டும். வருவதோ ஒரே புத்தகம். முதலில் யார் படிப்பது என்ற சண்டை தாங்காமல், ஒரு நாள் அப்பா தையல் பிரிக்கும் பிளேடை எடுத்தார். துணியைப் புரட்டுவதுபோல் புத்தகத்தைப் புரட்டி, முதுகுப் பக்கத்து நூலை அறுத்து, மூன்று பாகமாக்கினார். ஒவ்வொரு பாகத்துக்கும் வெள்ளை நூலால் தனித்தனியாகத் தையல் போட்டார். எல்லோரும் படித்து முடித்ததும் மூன்றையும் சேர்த்துத் தைத்து அட்டையை ஒட்டிவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்தப் புத்தகமும் ஒரே துண்டாக இருந்ததில்லை. அவசரத்தில் ஒருமுறை நூலகப் புத்தகத்தையும் பிரித்துவிட்டார். திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகர் அதைப் புரட்டிப் பார்த்து, "நாங்க குடுத்ததவிட இது கெட்டியா இருக்கே" என்றாராம்.

வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் அம்மா, அடுத்து அக்கா, அடுத்து நான். நிதானமாகப் படிப்பவர் என்பதால் அப்பா கடைசி. முன்னால் படித்தவர் பின்னால் வருபவரிடம் கதையைச் சொல்லக் கூடாது என்பது ஒரே சட்டம். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரை விரட்டும் உரிமை உண்டு. நான் அக்காவை விரட்டிய அளவுக்கு உலகத்தில் யாரையும் விரட்டியதில்லை.

"இன்னும் எத்தினி பக்கம்க்கா?"

"நீ நின்னு மூச்சு விட்டுக்கிட்டிருந்தா எப்படிடி படிக்கிறது? தள்ளிப் போ."

"அப்பா, அக்கா வேணும்னே மெதுவா படிக்குது!"

தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே அப்பாவின் குரல் வரும். "அவளுக்குப் பின்னாடி ஆள் இருக்குதுன்னு அவளுக்குத் தெரியும். நீ உக்காரு."

அக்கா சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்குச் சொந்த ஊர் கீரப்பாளையம். சிதம்பரம் கடைத்தெருவில் ஜெராக்ஸ், தட்டச்சு, பைண்டிங் மூன்றும் செய்யும் கடை வைத்திருந்தார். பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளைத் தைத்து, ஒட்டி, அட்டை போட்டுக் கொடுப்பதுதான் அவருக்கு முக்கிய வேலை. அவற்றில் ஒன்றையும் அவர் படித்ததில்லை. படிப்பது தன் வேலை இல்லை என்பதில் தெளிவாக இருந்தார்.

கல்யாணம் முடிந்து பெண்ணைப் பார்க்கச் சிதம்பரம் போன அப்பா, சம்பந்தி வீட்டார் எதிரிலேயே அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசி பாகம் உன் பொட்டியிலயா வந்துருச்சு?" என்பதுதான். வந்திருந்தது. பட்டுப் புடவைகளுக்கு நடுவிலிருந்து அக்கா அதை எடுத்துக் கொடுத்தார். பிரித்த புத்தகத்தை மாமா அன்றுதான் முதல்முறை பார்த்தார். "நான் ஒட்டுறதுக்குன்னே கட வச்சிருக்கேன், இவுங்க குடும்பமே கிழிக்கிறாங்களே!" என்று அவர் சொன்னதை அப்பா உயிரோடு இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அக்கா அந்தக் கடையில் தட்டச்சு செய்தார், கணக்குப் பார்த்தார், மாணவர்களின் எழுத்துப் பிழைகளைக் கேட்காமலேயே திருத்தினார். கோபம் வந்தால் பேசமாட்டார், புத்தகத்தை எடுத்துக்கொள்வார். அதனால் அவருக்குக் கோபமா, நல்ல கதையா என்று மாமாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

2004 முடிவில் கடல் ஊருக்குள் வந்தபோது, கடலூர்க் கரையோரக் குடும்பங்கள் பல கல்யாண மண்டபங்களில் தங்கியிருந்தன. செய்தி சேகரிக்க நான் அங்கே இருந்தேன். நான் நாளிதழ் வேலையில் சேர்ந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சிதம்பரத்திலிருந்து அக்கா ஒரு பை நிறையச் சிறுவர் கதைப் புத்தகங்களோடு வந்து இறங்கினார். குழந்தைகள் புத்தகங்களைவிட மிகவும் அதிகமாக இருந்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து அப்பாவின் பிளேடை எடுத்தார். உதவிக்கு வந்திருந்த ஓர் இளைஞர் பதறிவிட்டார்.

"ஏம்மா, குடுக்க வந்த புக்க ஏன் கிழிக்கிறீங்க?"

"பாத்துக்கிட்டே இருங்க தம்பி."

கொஞ்ச நேரத்தில் மண்டபத்தின் ஒரு மூலையில் சத்தம் எழுந்தது.

"டேய், எங்கிட்ட ராசா இன்னும் தூங்கிக்கிட்டுதான்டா இருக்காரு!"

"எங்கிட்ட எப்பவோ முழிச்சிட்டாரு. குதிர மேல போறாரு."

"சொல்லாதடா! குடு, குடு, எனக்குக் குடு!"

அந்த மண்டபத்தில் பல நாட்களாகக் கேட்காத சத்தம் அது. ஓடுகிற குழந்தைகளின் சத்தம். பெரியவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அந்த இளைஞர் தானும் ஒரு பிளேடு வாங்கி வந்தார்.

ஊர்க் குழந்தைகளை இப்படி ஓடவைத்த அக்காவால் ஒருவரை மட்டும் உட்காரவைக்க முடியவில்லை. அது அவர் மகள் கயல்விழி. கயலுக்குத் தொலைக்காட்சி பிடிக்கும், கயிறு தாண்டப் பிடிக்கும், அப்பாவின் கடையில் ஸ்பைரல் மாட்டப் பிடிக்கும். கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். அக்கா வற்புறுத்தவில்லை. "நம்மள யாரும் படின்னு சொல்லல, வழி வுடுன்னுதானே சண்ட போட்டோம்" என்பார். ஆனால் அந்தக் குறை அவருக்குள் இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா தொலைவில் இருந்தார், நான் புதுச்சேரியில் வேலையில் இருந்தேன். ஒரு தடவை போனில் என்னிடம் சொன்னார்: "எனக்குப் பின்னாடி யாரும் நிக்கலடி. எவ்ளோ மெதுவா படிச்சாலும் ஏன்னு கேக்க ஆளில்ல. எங்கூடவே இது முடிஞ்சிடும்போல."

சர்க்கரை நோய் அக்காவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது, பிறகு கண்ணையும் தொட்டது. வாரத்துக்கு இரண்டு முறை புதுச்சேரி வந்து ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ள வேண்டியிருந்தது. சிறிய எழுத்து தெரியவில்லை என்பதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மாமாதான் கண்டுபிடித்தார். ஒரே பக்கத்தில் அக்கா வெகுநேரம் இருப்பதை அவர் கவனித்திருக்கிறார். மறுநாள் அக்கா அப்போதுதான் தொடங்கியிருந்த நாவலை எடுத்துப்போய், தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்தைத் தன் கையாலேயே மூன்றாகப் பிரித்தார். முதல் பாகத்தை ஜெராக்ஸ் மிஷினில் வைத்துப் பெரிதாக்கி எடுத்தார். எழுத்து இரண்டு மடங்காக வந்தது. அக்கா அந்தத் தாள்களைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "கிழிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஒட்டித் தரேன்" என்றார் மாமா.

அந்த நாவல் உப்பளக்காரர் வீட்டுக்கு மருமகளாக வரும் ஒரு பெண்ணின் கதை. பெரிதாக்கிய முதல் பாகத்தோடு அக்கா புதுச்சேரியில் என் வீட்டில் சில நாள் தங்க வந்துவிட்டார். நடுப்பாகமும் பெரிதாக்கப்பட்டுக் கடை மேசையில் இருந்தது. கடைசிப் பாகம் இழுப்பறையில். அது ஆய்வேடுகள் குவியும் பருவம். மேசை முழுக்கத் தாள்கள். வேளாண்மை படிக்கும் மாணவர் ஒருவர் நெல் வயல் களைகளைப் பற்றிய தம் ஆய்வேட்டை வாங்கிப்போனார். சில நாளில் திரும்பி வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் கலைந்த தாள்கள். அப்போது கடையில் இருந்த கயல் சொல்லக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, எங்க சாருக்குக் குடுத்த காப்பியில மூணாவது அத்தியாயம் முடிஞ்சதும் ஒரு பொண்ணு கொத்துச் சாவிய கெணத்துல தூக்கிப் போடுதுண்ணே."

மாமாவுக்கு உயிரே போய்விட்டது. "ஐயையோ. சார் திட்டினாரா?"

"திட்டல. அந்தச் சாவி என்னாச்சுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

மேசையில் இருந்த நடுப்பாகம் ஆய்வேட்டோடு சேர்ந்து பைண்டிங் ஆகியிருந்தது. அதைப் பிரித்து விடுதிக்குக் கொண்டுபோனதும் நண்பர்கள் ஆளுக்கு நாலு தாளாக எடுத்துப் படித்திருக்கிறார்கள். அதில் வரிசை கலைந்துவிட்டது. பெரிதாக்கும்போது தாளின் ஓரம் வெட்டுப்பட்டதால் பக்க எண் எதிலும் இல்லை. மாணவருக்குப் புதுப் பிரதி போட வேண்டிய அவசரத்தில் மாமா அந்தக் குவியலை மகளிடம் தள்ளினார்.

"சும்மாதானே உக்காந்திருக்க. இத அடுக்கி வை. பானிபூரி வாங்கித் தரேன்."

"நம்பரே இல்லயேப்பா. எப்படி அடுக்குறது?"

"படிச்சுப் பாத்து அடுக்கு."

ஒரு தாளின் கடைசி வரி எந்தத் தாளின் முதல் வரியோடு சேர்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுக்க முடியும். முதலில் ஓரத்து வரிகளை மட்டும் பார்த்தாள். அது போதவில்லை. கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த தாளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், எது முன்னே எது பின்னே என்று தெரிய நடுவிலும் படித்தாக வேண்டும். மாமா பானிபூரி வாங்கி வந்து வைத்தார். அது ஊறிப்போனது. கடையைச் சாத்தலாம் என்று கூப்பிட்டபோது, "இருப்பா, இப்பத்தான் அவ மாமியாருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாளாம்.

அன்று சாயங்காலம் அக்கா மருத்துவமனையில் இருந்தார். ரத்தம் போகும் குழாய் மாட்டிய கை அசையக் கூடாது, மறு கையில் ரத்த அழுத்தப் பட்டை என்பதால் போனை நான்தான் அவர் காதில் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் கயலின் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, அவ ஏம்மா சாவிய கெணத்துல போட்டா?"

"எந்தச் சாவிடி? ஏய், சொல்லாத! நான் இன்னும் அங்க வரல!"

"நீ வரலயா? நான் தாண்டிட்டேன். சரி, அவ யாரு? எதுக்கு அந்த வூட்டுக்கு வந்தா? அதயாவது சொல்லு."

"அது எங்கிட்ட இருக்கு. சொல்லக் கூடாது."

"அப்ப சீக்கிரம் படிம்மா! நான் எவ்ளோ நேரம் காத்துக்கிட்டிருக்கிறது?"

அக்கா சிரித்த சிரிப்பில் படுக்கை ஆடியது. "கைய ஆட்டாதீங்கம்மா!" என்று செவிலியர் ஓடிவந்தார். அக்காவால் நிறுத்த முடியவில்லை. என்னைப் பார்த்து, "வெரட்டுறாடி. எம் பொண்ணு என்ன வெரட்டுறா" என்றார். கண்ணைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. நான் துடைத்துவிட்டேன். பிறகு, "அந்தத் தாள எடு. கண்ணாடியக் குடு. சனிக்கெழமைக்குள்ள முடிக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டார்.

அதன்பிறகு அக்காவின் நோய் குறையவில்லை. ஆனால் வீட்டில் சத்தம் ஜாஸ்தியானது. பெரிதாக்கிய எழுத்தும் தெரியாமல் போனபோது கயல் படித்தாள், அக்கா கேட்டார். சுவையான இடத்தில் நிறுத்திவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று கயல் எழுந்து போவாள். "கதைய வெட்டுறது உங்க தாத்தா புத்தி" என்று அக்கா திட்டுவார். இப்படிப் பல புத்தகங்கள் முடிந்தன. சென்ற ஆண்டு அக்கா நம்மைப் பிரிந்தபோது, ஒரு புத்தகத்தின் நடுப்பாகம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக நேரம் பார்க்காமல் வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கும், கையை ஆட்டாதே என்று கடைசிவரை திட்டிய செவிலியருக்கும், கூட வந்து தங்கிப் பத்தியச் சாப்பாடு செய்துபோட்ட எங்கள் அம்மாவுக்கும், கீரப்பாளையத்து உறவினர்களுக்கும், சென்ற ஆண்டு முடிவில் அடித்த புயலில் கடைக் கூரை பறந்தபோது நனைந்த புத்தகங்களைத் தங்கள் வீட்டில் விரித்து உலர்த்தித் தந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் களை ஆய்வு மாணவருக்கும் நன்றி. அவருடைய பேராசிரியர் மீதிக் கதையை வாங்கிப் படித்துவிட்டார் என்று கேள்வி.

காரியம் முடிந்து நான் புதுச்சேரிக்குக் கிளம்பிய அன்று, கயல் அந்த நடுப்பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தனியாக உட்கார்ந்து அதை முடித்திருந்தாள். முதல் பாகத்தை அங்கே இருந்த நாட்களில் நான் படித்திருந்தேன்.

"சித்தி, ஊருக்குப் போயி வச்சிக்காத. சீக்கிரம் முடிச்சு அனுப்பு."

"யாரு காத்திருக்கா?"

அவள் கடைப் பக்கம் கையைக் காட்டினாள். மாமா மிஷினை ஓடவிட்டுவிட்டு, முதல் பாகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். வந்த வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.

இந்த மலரைத் தொகுத்து அடுக்கியது கயல். தைத்தது மாமா. அவர் கடையில் பின் அடிக்கும் கருவி இருக்கிறது, ஆனாலும் வெள்ளை நூலால் கையாலேயே தைத்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கு மேல் இருந்தால் தயங்காமல் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதியை வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் வேகமாகப் படியுங்கள். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.