பிளேடு எறிந்த பீங்கான் துண்டு

பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அஞ்சலையைக் காணவில்லை. அவர் முள் அள்ளும் கவைக்கோல் தரையில் கிடந்தது. பக்கத்தில் வெட்டிப் போட்டிருந்த முள்ளின்மேல் ரத்தம். மண்ணிலும் ரத்தம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் நான் ஃபிட்டராக இருந்தேன். சூளைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தைச் சுத்தம் செய்து களிமண் காயவைக்கக் களம் போட வேண்டும் என்று, முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு புதர் வெட்டும் மெஷின் வாங்கி வந்தார். நீளமான குழாயின் ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின், மறுமுனையில் ரம்பப் பல் வைத்த வட்ட பிளேடு. பெல்ட்டைத் தோளில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வலமிருந்து இடமாக வீச வேண்டும்.

கூடவே வந்த மெக்கானிக் அரை நாள் சொல்லிக் கொடுத்தார். பிளேடு முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். தடித்த தண்டை பிளேடின் இடது பக்கத்தால் அறுக்க வேண்டும். வலது முன்பக்கம் பட்டால் மெஷின் உதைக்கும், ஆளையே திருப்பிவிடும். எதுவும் சிக்கினால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். ஐம்பது அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். முதல் மூன்றை ஒரு நாளும் மீறியதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு பூட்ஸ், காதில் பஞ்சு என்று எனக்கு வேண்டியதையெல்லாம் செய்துகொண்டேன். நாலாவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் என் பொறுப்பு, அதைப் பற்றிய விஷயமெல்லாம் எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அஞ்சலை கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருபவர். முப்பது வயது இருக்கும். நான் வெட்ட வெட்ட அவர் பின்னாலேயே வந்து முள்ளை ஒதுக்குவார். காலில் செருப்புகூடக் கிடையாது.

அந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வாட்ச்மேன் கலியன் ஓடிவந்தார். அஞ்சலை எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கால்ல பீங்கான் பாஞ்சிடுச்சு பாய். மண்ணு லாரியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். போயி கால் மணி நேரம் ஆவுது."

அந்தக் கால் மணி நேரமும் நான் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"என்னை ஏன் கூப்புடல?"

"கூப்புட்டோம். அந்தப் பொண்ணு கத்துனது சூளை வரைக்கும் கேட்டுச்சு. மெஷினோட இருக்கறப்ப உங்க கிட்ட வரத்தான் யாருக்கும் தைரியம் வரல."

அப்போதுதான் காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். ஒரு பெண் துடித்துக் கத்துகிறாள், நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், இருபதடி தூரத்தில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு சந்தோஷமாக முள் வெட்டுகிறேன்.

சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே ஆழமான வெட்டு, எலும்பிலும் கீறல். புதருக்குள் புதைந்து கிடந்த, கரண்ட் கம்பத்தில் மாட்டும் உடைந்த பீங்கான் இன்சுலேட்டர் ஒன்றில் பிளேடு பட்டு, அது சிதறிப் பறந்திருக்கிறது. அஞ்சலை மயக்கத்தில் கிடந்தார்.

இரண்டு மாதம் மெஷின் ஸ்டோரில் கிடந்தது. நானும் தொடவில்லை, முதலாளியும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் காலை அஞ்சலை காலைத் தாங்கித் தாங்கி நடந்து வேலைக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"நான் எங்க நிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லியே பாய்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நோட்டைக் கொண்டுவந்து நாலாவது வரியைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, அப்படியானால் முதலில் கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்கலாம் என்றார். இருவரும் கவைக்கோலால் புதரை விலக்கி விலக்கித் தேடினோம். உடைந்த இன்சுலேட்டர், ஜாடி மூடி, சூளைச் செங்கல், கம்பி. ஏழு கூடை சேர்ந்தது.

பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். மெஷின் ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

"இன்னும் பொறுக்கி முடியல மொதலாளி," என்றார் அஞ்சலை.

முதலாளி கூடைகளைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நாங்களே வருஷக்கணக்கில் கொண்டுபோய்க் கொட்டிய கழிவு அது. துண்டைக் கூடையிலேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அஞ்சலைக்கு பூட்ஸ் வந்தது.

பூட்ஸ் வந்த அன்று மதியத்துக்கு மேல் ஐம்பது அடி அளந்து நாலு பக்கமும் சிவப்புத் துணி கட்டினோம். அவர் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் முன்பக்கமாக வந்து, அந்தத் துணிக்கு வெளியே நின்று கையை ஆட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவர் நான் பார்க்கும்படி எதிரே போய் நின்று கையை ஆட்டினார். அதன் பிறகுதான் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன்.

இந்த மெஷினைக் கையில் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்குத் தெரிந்த ஜாக்கிரதை உங்களை மட்டும்தான் காப்பாற்றும். பக்கத்தில் நிற்பவருக்கு வாய் திறந்து சொல்லுங்கள். எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு அவர் என்ன கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது.