பூவுக்கு இடம் விட்ட ரேடியேட்டர்

ரசலையன் மாமாவைப் பார்த்தால் முதலில் தெரிவது மீசை. அவர் ஓட்டிய காரில் முதலில் தெரிந்தது ரேடியேட்டர். இரண்டும் முன்னால் நின்றால்தான் லட்சணம் என்று ஊர் நம்பியது.

கார் நாகர்கோவில் வைகுண்டராஜன் முதலாளியுடையது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும். எஞ்சினின் சூட்டுத் தண்ணீரைக் காற்றால் ஆற்றும் சல்லடைதான் ரேடியேட்டர். பெண்வீட்டார் சரியாக அதன்மேல்தான் பிச்சிச்சரங்களைத் தொங்கவிடுவார்கள். மூக்கைப் பொத்திவிட்டு ஓடச் சொன்னால் எது ஓடும்? பாதி வழியில் தண்ணீர் கொதிக்கும். மாப்பிள்ளையைவிடக் காருக்கு அதிகம் வேர்க்கும். கிறிஸ்தவரான மாமா இறங்கிச் சரத்தை விலக்கினால், "வேதக்காரன் மங்கலப்பூவைப் பிய்க்கியான்" என்று சண்டை.

"இன்னொருக்க கொதிச்சுதுண்ணு கேட்டேன், வேற ஆளைப் பாத்துருவேன்லே" என்றார் முதலாளி.

மாமா சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். "மூக்கு முன்னாலதான் இருக்கணும்ணு காருக்கு யாரு சொன்னா?"

"உமக்க மீசையையும் முதுகுக்கு மாத்தும்" என்றாள் ராகேல் மாமி.

மாமா மாற்றியேவிட்டார், ரேடியேட்டரை. எஞ்சினுக்குப் பின்னால், தம் காலருகே வைத்தார். பக்கத் தகடுகளை வெட்டிக் காற்றுக்கு வழி செய்தார். முன்னால் வெறும் தகரம். எவ்வளவு பூ வேண்டுமானாலும் கட்டலாம். தண்ணீர் போகப் புது ரப்பர் குழாய் கேட்டார், கைபிரேக்கையும் சரிசெய்யச் சொன்னார். "பழசே கெடக்கட்டும்" என்றார் முதலாளி.

இரண்டு கல்யாணம் கொதிக்காமல் நடந்தது. மாமா மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

1934 தையில் அடுத்தது, தக்கலையில். சரிவில் கார் இறங்கும்போது குழாய் கிழிந்தது. சூட்டுத் தண்ணீர் அப்படியே மாமாவின் கால்களில் கொட்டியது. முன்னால் மேளக்காரர்கள், குழந்தைகள். கைபிரேக் பிடிக்காது. பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்தால் கார் அவர்கள்மேல் ஏறும்.

"கல்லு வையுங்கலே! வீலுக்குக் கல்லு!"

தவில் சத்தத்தில் யாரும் திரும்பவில்லை. மாப்பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மணப்பெண் அழகியநாயகிதான் மாலையோடு குதித்து, ரோட்டோரக் கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகே மாமா காலை எடுத்தார். தோல் பெடலோடு தங்கிவிட்டது.

பாதி ஊர்வலத்தில் இறங்கியவள் என்று அந்தப் பெண்ணை இன்றும் ஏசுகிறார்கள். அவள் கல் வைத்ததை ஒருவரும் சொல்வதில்லை.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆரஞ்சு வாங்கி வந்தார். மாமா எழுந்து உட்காரப் பார்த்தார். "கொதிக்கல்ல முதலாளி. குழாய்தான் கிழிஞ்சுது."

"கொதிக்காமலா உனக்க காலு வெந்துதுலே?"

மாமி தலையணைக்கு அடியிலிருந்து கார் சாவியை எடுத்து முதலாளியிடம் கொடுத்தாள்.

"ஆரஞ்சையும் கொண்டு போவும்" என்றாள்.