மூக்குக்குள் ஒரு காற்று அறை

போன கிழமை நான்கு நாட்கள், நான் அதிக காலம் இருக்கப்போவதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். காரணம்... என் மூக்கு!

மூன்று மாதமாக மூக்கடைப்பு. கூடவே நெற்றி வலி. டவுனில் ஈ.என்.ரி. டொக்டரிடம் போனேன். மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்தவர், "எதுக்கும் ஒரு சி.ரி. ஸ்கேன் எடுங்க டீச்சர்" என்றார். எடுத்தேன். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கைக்கு வந்தது. டொக்டர் வருவதோ செவ்வாய்க்கிழமை. அதுவரை கவரைப் பிரிக்காமல் இருக்க முடியுமா? நீங்கள் இருப்பீர்களா?

நாவற்குடா வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றுமுன்பே பிரித்துவிட்டேன். இரண்டே வரிகள். வலது பக்கம் 'கொங்கா புல்லோசா'. இடது பக்கம் 'பாரடொக்சிகல்' ஏதோ ஒன்று. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். பாரடொக்சிகல் என்றால் 'முரணான' என்று தெரியும். ஆனால் மூக்குக்குள் என்ன முரண்?

"புல்லோசா எண்டால் கட்டியோ?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, இரண்டு தரம் வாசித்தார். "பேரப் பார்த்தா அப்பிடித்தான் இரிக்கு" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர்!

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன் — செட்டிபாளையத்துக்கு, அக்கா வீட்டுக்கு.

அக்காவோடு கதைத்து மூன்று வருடம் ஆகிறது. என் மகனுடைய கல்யாணத்தில் மணமக்களுக்கு ஆலாத்தி எடுக்க அவளைக் கூப்பிடாமல், கணவரின் தங்கையைக் கூப்பிட்டுவிட்டேன். அவசரத்தில் நடந்த பிழை. அடுத்த நாளே போய்ச் சொல்லியிருக்கலாம். 'அவள் முதலில் கதைக்கட்டும்' என்று இருந்துவிட்டேன். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா?

முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, வழி மாறி வந்திட்டியோ?"

"ஆலாத்திக்கு உன்னைக் கூப்பிடாதது என்ட பிழை அக்கா. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தன்."

"போகவோ? எங்க போறாய்?"

ரிப்போர்ட்டை நீட்டினேன். அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. என் முகத்தை வாசித்துவிட்டாள். இறால் கையோடு அப்படியே கட்டிப்பிடித்தாள். மூன்று வருடத்து அழுகையையும் இருவருமாக அழுது தீர்த்தோம். அடைத்த மூக்கோடு அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்தார்!

"இது கட்டி இல்ல டீச்சர். எல்லாருக்கும் மூக்குக்குள்ள மெல்லிசா, சுருண்ட எலும்புகள் இரிக்கு. உங்களுக்கு வலது பக்கத்து எலும்புக்குள்ள ஒரு சின்னக் காத்து அறை. இடது பக்கத்துச் சுருள் மற்றப் பக்கமா வளைஞ்சிரிக்கு. அவ்வளவுதான். இது நோய் வருத்தம் எதுவும் இல்ல, பிறவி அமைப்பு. எத்தனையோ பேருக்கு இரிக்கு. ஸ்கேன் எடுக்காட்டி ஆருக்கும் தெரியவராது."

"அப்ப மூக்கடைப்பு? நெற்றி வலி?"

"அது தூசி அலர்ஜி. ஸ்ப்ரே ஒண்டு தாறன்."

வெளியே வந்து நின்று ஆசைதீர ஒரு மூச்சு விட்டேன் — வாயால்தான். ஆளுக்கு ஆள் முகம் வேறு வேறாக இருப்பதை நாம் பெரிதாக எடுப்பதில்லை. உள்ளே மட்டும் எல்லோரும் பாடப்புத்தகப் படம் மாதிரியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். என்ன நியாயம் இது?

அக்காவுக்குப் போன் எடுத்தேன். சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் மறுபக்கம்.

"ஒண்டுமில்லையாம் அக்கா. வெறும் காத்துத்தானாம்."

அக்கா மெதுவாக, "அப்ப... மறுகாவும் முந்தி மாதிரி கதைக்காம விட்டிருவியோ?" என்றாள்.

"என்ன கதை இது! ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பகல் சாப்பாடு இஞ்சதான்."

"வாறன், வாறன். அது சரி புள்ள... அம்மன் கோயிலுக்கு ஒரு நேர்த்தி வச்சிட்டன். உனக்கு ஒண்டுமில்லையெண்டா தீ மிதிக்கிறதெண்டு."

உருகிப்போனேன். "எனக்காக நீ தீ மிதிக்கப் போறியா அக்கா?"

"நான் ஏன்? வருத்தம் உனக்குத்தானே! நீதான் மிதிக்கணும்."

"நானோ!" என்று கத்திவிட்டேன். அக்காவே இரக்கப்பட்டுச் சொன்னாள்: "பயப்படாத புள்ள. கையப் பிடிச்சிக்கிட்டு நானும் கூட வாறன்."

மூக்கில் தொடங்கிய வினை, உள்ளங்காலில் வந்து நிற்கிறது!