கோலப்பபிள்ளையின் தொட்டிக்குளி

கோலப்பபிள்ளைக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், பிச்சையாவின் வத்தல் மண்டியில் கணக்கெழுத்து. நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர். மனைவி இளவயதிலேயே போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டு காலத்தைத் தள்ளினார். கோலப்பபிள்ளை வீடு எது என்று கேட்டால் அந்தச் சந்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். தொட்டிப்பிள்ளை வீடு என்று கேட்கவேண்டும்.

அந்தப் பெயர் வந்த கதை அவருடைய வயிற்றில் தொடங்குகிறது. எதைத் தின்றாலும் செரிக்காது. கோட்டைக்குள் இருந்த வைத்தியரின் கஷாயத்தைப் பானை பானையாகக் குடித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மிக்ஸ்சரையும் பார்த்தார். வயிறு இரண்டுக்கும் மசியவில்லை. அப்போதுதான் யாரோ ஒருவர், ஜெர்மனி தேசத்து ஜல சிகிச்சை என்று ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். நாற்காலி மாதிரி முதுகு வைத்த தகரத் தொட்டி ஒன்று செய்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, இடுப்பு மட்டும் நனைகிற மாதிரி உட்காரவேண்டும். காலும் மேலுடம்பும் வெளியே இருக்கும். ஈரத் துணியால் அடிவயிற்றை மெல்லத் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். உப்பு, புளி, காப்பி மூன்றும் கூடாது. கோலப்பபிள்ளை அப்படியே செய்தார், வயிறும் குணமாகிவிட்டது. காப்பியை விட்டதுதான் காரணம் என்பது என் கட்சி. அதை அவரிடம் சொல்லித் தப்ப முடியாது.

பிறகு ஆளை நிறுத்த முடியவில்லை. தலைவலியா, மூட்டுவலியா, தூக்கம் வரவில்லையா, எல்லாவற்றுக்கும் தொட்டிதான். தம் கைக்காசில் இன்னும் சில தொட்டிகள் அடித்து, நோயாளி வீடுகளுக்குத் தாமே சுமந்துபோய் வைத்துவிட்டு வருவார். கெட்ட எண்ணம் கிடையாது, பேராசையும் கிடையாது. தான் சொன்னதை மற்றவர்கள் செய்யவேண்டும் என்ற ஒரே ஆசைதான் அவரைப் பிடித்த பேய்.

இந்தச் சிகிச்சைக்கு அவர் வைத்த பெயர் 'குளி'. கரமனையாற்றில் போய் முங்கி எழுவதெல்லாம் அவர் கணக்கில் குளி ஆகாது, அது வெறுமனே உடம்பைக் கழுவுவது. தொட்டியில் உட்கார்ந்தால்தான் குளி. யாராவது பாதியில் விட்டுவிட்டால் நடுத்தெருவில் நிறுத்தி, "என்னவோய், ஒரு வாரமா குளிக்காம இருக்கேராமே" என்று கேட்பார். மீசை வைத்த ஆண்பிள்ளையைப் பார்த்து அப்படிக் கேட்டால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்? பிச்சையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை மாசம்னு கேளும் வோய்" என்பார். ஒரு பெண் குளிக்காமல் இருக்கிறாள் என்றால், மாதக்குளி நின்றுவிட்டது, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். மலையாளத்திலும் 'குளி தெற்றி' என்றால் அதேதான். அந்த ஊரில் எந்தப் பாஷையில் சொன்னாலும் தப்பிக்க வழியில்லை. பெண்வாசனை இல்லாத வீட்டில் வருஷக்கணக்காக இருந்த கோலப்பபிள்ளைக்கு அந்த அர்த்தமே மறந்துபோயிருந்தது. ஜல சிகிச்சையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றே நினைத்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்.

சந்தில் நாலு வீடு தள்ளி முத்தாரம்மாள் இருந்தாள். விதவை. ஒரே மகன் வேலப்பன், கல்யாணம் முடிந்து சில மாதத்திலேயே கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மருமகள் பொன்னம்மை மாமியாருடன் இருந்தாள். பூதப்பாண்டிப் பக்கத்துப் பெண், இருக்கிற இடம் தெரியாத சாது. அவளுக்கு ஓயாத தலைவலி. கோலப்பபிள்ளை கேள்விப்பட்டதும் தொட்டியோடு போய் நின்றார். செய்முறையை வாசலில் நின்று மாமியாருக்குச் சொன்னார், மாமியார் உள்ளே மருமகளுக்குச் சொன்னாள். கொஞ்சநாள் பொன்னம்மையும் உட்கார்ந்தாள். ஆடி மழை பிடித்துக்கொண்டதும் முத்தாரம்மாள் நிறுத்திவிட்டாள்.

"அவ குளிக்கலண்ணே. இந்தக் குளிருல அவளுக்கு இருமல் வந்திரும். மழை விடட்டும்" என்றாள்.

மழை விடுவதாக இல்லை. ஒருநாள் மண்டியில் கொழும்புக்குப் போய்வருகிற வியாபாரிகள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பிச்சையா சும்மா இருக்காமல் கோலப்பபிள்ளையின் வாயைக் கிண்டினார்.

"நம்ம வேலப்பன் பொஞ்சாதிக்கு உம்ம வைத்தியம் பலிச்சுதா வோய்?"

கோலப்பபிள்ளைக்குச் சுருக்கென்றது. கணக்கிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"எப்படிப் பலிக்கும்? அவதான் ரெண்டு மாசமா குளிக்காமல்லா இருக்கா."

மண்டியில் வழக்கமாக வருகிற சிரிப்பு வரவில்லை. பிச்சையா குரலைத் தாழ்த்தி, "ஆரு சொன்னா?" என்றார்.

"அவ மாமியாளே சொன்னா. எனக்கு என்ன, பொய் சொல்லணும்னு தலைவிதியா?"

சொல்லிவிட்டு மறுபடி கணக்கில் குனிந்துகொண்டார். இன்றைக்கு ஒருத்தராவது சிரிக்காமல் கேட்டார்களே என்று அவருக்குத் திருப்திகூட இருந்தது.

அடுத்த வாரமே சாலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. புருஷன் கொழும்பில், பெண்டாட்டி இங்கே குளிக்காமல் இருக்கிறாள், மாமியாரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். ஆள் யார் என்பது ஒன்றுதான் பாக்கி. சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களுக்கும் கோலப்பபிள்ளைக்கும் மட்டும் இது தெரியாது. மழை விட்டதும் முத்தாரம்மாள் சொன்ன சொல் தவறாமல் மருமகளை மறுபடியும் தொட்டியில் உட்காரவைத்தாள். தண்ணீர் தூக்கிப்போவதை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் கோலப்பபிள்ளையைத் தேடி வந்தார். நல்ல வேட்டி, கையில் குடை. உள்ளே வந்து கதவைத் தாமே சாத்தினார்.

"பிள்ளே, ஒரு உபகாரம் செய்யணும். வீட்டில் ஒரு பெண்குட்டிக்கு குளி தெற்றி. கல்யாணம் ஆயிட்டில்ல. ஆ தொட்டி ஒந்நு தரணும்."

தொட்டி எதற்கு என்று கோலப்பபிள்ளைக்கு விளங்கவில்லை. "தொட்டி அதுக்கு இல்லையே" என்றார்.

வந்தவர் அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். "அறியாத்த மாதிரி பறய வேண்டா பிள்ளே. கொழும்புக்காரன்றெ பாரியாளுடெ காரியம் சாலையில் எல்லாரும் அறிஞ்ஞதல்லே. தொட்டியில் இருத்தி, எல்லாம் சரியாக்கிக் கொடுத்தது நிங்ஙள் அல்லே?"

கோலப்பபிள்ளை அந்த மனிதரை வெளியே அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மண்டியில் தான் சொன்ன வார்த்தையை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இந்தத் தடவை அது ஒரு பெண்ணைப் பற்றிய வார்த்தையாகக் காதில் விழுந்தது. உடம்பெல்லாம் கூசியது. பெற்ற தாயார் பேசிக் கேட்ட பேச்சு, செத்துப்போன மனைவி ஒரு காலத்தில் வெட்கத்தோடு சொல்ல ஆசைப்பட்ட பேச்சு, அதைப் போய் மறந்தோமே என்று வாயிலேயே அடித்துக்கொண்டார்.

அன்றைக்கே மண்டிக்குப் போய், நான் சொன்னது இது, நீங்கள் எடுத்துக்கொண்டது அது என்று உடைத்துச் சொல்லியிருந்தால் அவரை மனிதன் என்று சொல்லலாம். போகத்தான் செய்தார். வாசல்வரை போனார். உள்ளே பிச்சையா சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் திரும்பிவிட்டார். குளிக்கிறதுக்கு அர்த்தம் தெரியாத கணக்கப்பிள்ளை என்று சாகிறவரை சொல்லிச் சிரிப்பார்களே என்ற பயம். கொஞ்சநாள் போகட்டும், பெண்ணின் வயிறு பெருக்கவில்லை என்று ஊர் கண்ணால் பார்த்தால் பேச்சு தானாக அடங்கிவிடும் என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். நெய்யாற்றின்கரைக்காரர் சொன்னதைக் கேட்ட பிறகும் அப்படி நினைத்தார் பாருங்கள். வயிறு பெருக்காததற்குக் காரணம் தொட்டி கருவைக் கலைத்ததுதான் என்று ஊர் ஏற்கனவே முடிவு கட்டிவிட்டது. அவர் சும்மா இருந்த ஒவ்வொரு நாளும் அந்த முடிவு கெட்டிப்பட்டது. தம் மானத்தைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் மானத்தைச் சந்தையில் கிடக்கவிட்டார். இதற்கு மேல் இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவருக்கும் தெரியாமலில்லை. பொன்னம்மை தண்ணீர்க்குடத்தோடு எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி நின்று மண்ணைப் பார்ப்பார். அவள் ஒன்றும் அறியாமல், "தலைவலி தேவலை மாமா" என்று சொல்லிவிட்டுப் போவாள். பழைய வயிற்றுக்கோளாறு திரும்பியது. தொட்டியில் உட்காரத் தோன்றவில்லை.

கார்த்திகையில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் முத்தாரம்மாளுக்கு மகன் சொல்லியனுப்பிய சேதியைக் கொண்டுவந்தார். அவளை அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடு, நான் இனி அந்த முகத்தில் முழிக்கமாட்டேன் என்பதுதான் சேதி. ஏன் என்று முத்தாரம்மாள் கேட்டாள். அந்த மனிதர் மென்று விழுங்கிச் சொல்லிமுடித்தார். உள்ளே நின்ற பொன்னம்மையின் காதிலும் அது விழுந்தது. அவள் அழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

முத்தாரம்மாள் அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு நேரே சாலைக்கு நடந்தாள். புருஷன் செத்த பிறகு கடைத்தெருவில் கால் வைக்காதவள். பகல் வியாபார நேரம், மண்டி நிறைய ஆட்கள். கணக்கு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றாள். "எனக்க மருமவ ஒரு மாசம்கூட தப்பாம தூரமாத்தான் உக்காந்தா. தள்ளி உக்காத்தி வச்சு கஞ்சி ஊத்தினவ நான். தலைக்கு எண்ணெ வச்சு உள்ள கூட்டினவளும் நான். அவ குளிக்காம இருந்தது இவரு குடுத்த தகரத்தொட்டியில. மழைன்னு நாந்தான் வேண்டாம்னேன். இதைப் பொம்பள வந்து ஆம்பளைங்க நடுவுல சொல்லவேண்டியிருக்கு."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோலப்பபிள்ளை பக்கம் திரும்பினாள்.

"கோலப்பண்ணே, நான் சொன்னது உள்ளதா இல்லையா?"

அவர் தலையை ஆட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லும். அன்னைக்கு வாயாலதான சொன்னேரு."

"உள்ளதுதான்" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"இது தப்பாப் போச்சுன்னு உமக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மட்டில் அவர் பொய் சொல்லவில்லை. "புரட்டாசியில தெரியும்" என்றார்.

திட்டினால் தாங்கியிருப்பார். முத்தாரம்மாள் கொழும்பிலிருந்து சேதி கொண்டுவந்தவரைப் பார்த்து, "கேட்டேருல்லா, அவன்கிட்டப் போயி சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு குடும்பத்துப் பெண்ணின் மாதக்கணக்கு மூட்டைகளுக்கு நடுவே அவிழ்த்துக் கொட்டப்பட்டுக் கிடந்தது. கோலப்பபிள்ளை கணக்கில் எழுதிய எண்கள் எதுவும் அன்று கூட்டலுக்கு வரவில்லை.

மறுநாள் அவர் வாசலில் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. மற்ற வீடுகளுக்குப் போய் மற்றத் தொட்டிகளையும் அவரே திருப்பி வாங்கிக்கொண்டார். யாருக்கும் அதற்குப் பிறகு வைத்தியம் சொல்லவில்லை. காரணம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். அது உண்மைதான்.

பங்குனி உற்சவத்துக்கு முன்னாலேயே வேலப்பன் வந்துவிட்டான். மனைவியிடம் எப்படி முகம் கொடுத்துப் பேசினானோ, அது அவர்கள் பாடு. கொழும்புக்குத் திரும்பாமல் சாலையிலேயே ஒரு கடையில் சேர்ந்துகொண்டான். கோலப்பபிள்ளையைக் கண்டால் அவன் தலையசைத்துவிட்டுப் போவான். அவர்தான் சந்தின் மறுவழியாகச் சுற்றிக்கொண்டு மண்டிக்குப் போக ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் ஒரு காலை, கதவு தட்டப்பட்டது. பொன்னம்மை நின்றாள். கையில் ஒரு தட்டு, அதில் முந்திரிக்கொத்துப் பலகாரம். அத்தனை நாளும் அவள் அவர் வாசலுக்கு வந்ததில்லை.

"மாமா, நான் குளிக்காம இருக்கேன். மூணாம் மாசம்" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"மண்டியில போயி சொல்லிரும். அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லணும். எல்லாக் கடையிலயும் சொல்லணும்."

தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றுவழியை விட்டு, அவள் வீட்டைக் கடந்து நேர்வழியாகவே சாலைக்கு நடந்தார். மண்டியில் பிச்சையாவும் நாலைந்து பேரும் இருந்தார்கள். கோலப்பபிள்ளை நடுவில் நின்று, தலை குனிந்தபடி சொன்னார்.

"வேலப்பன் பொஞ்சாதி குளிக்காம இருக்கா."

பிச்சையா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "எந்தக் குளி வோய்?"

மண்டியே சிரித்தது. "பொம்பளைங்க சொல்லுகாங்கல்லா, அந்தக் குளி" என்றார் கோலப்பபிள்ளை. கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு பக்கத்துக் கடைக்குப் போய் அதையே சொன்னார். அங்கேயும் எந்தக் குளி என்று கேட்டார்கள்.