எண்ணூறு பேர் கேட்ட ரகசியம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் பெரியப்பாவின் கடையில் நடந்த பேச்சு அவளுக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. ஐஸ் கம்பெனி முதலாளிதான் ஒரு பக்கத்து வேட்பாளர். அவருடைய ஆளான மீசைக்காரர், பதினொரு கூட்டங்களுக்கு மைக்செட் சொல்லிவைக்க வந்திருந்தார். தேதியெல்லாம் பேசி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சரிண்ணே. நீங்க எந்தப் பக்கம்?"

"நான் எப்பவும் வயர் பக்கம்."

"விளையாடாதீங்க. எதிர்த்து நிக்கிற வாத்தியாருக்கும் நீங்கதான் செட்டு போடறீங்க. மனசுக்குள்ள யாராவது ஒருத்தர் இருப்பார்ல?"

"மனசுக்குள்ள இப்போ ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கு. நாலு நாளா கரகரங்குது."

"சரி, அரசியல் வேண்டாம். போன வாரம் அரங்கத்துல காது கிழியற மாதிரி ஒரு கச்சேரி வச்சீங்களே, அதாவது பிடிச்சுதா?"

"சத்தம் சரியா இருந்துச்சு."

"பாட்டு?"

"பாட்டு அவங்க பொறுப்பு."

மீசைக்காரர் சலித்துப்போய், மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க பெரியப்பா வீட்லயாவது வாயத் திறப்பாரா?"

அவள் சிரித்தாள். உள்ளேயிருந்து பெரியம்மாதான் குரல் கொடுத்தாள். "சாப்பாட்டுல உப்பு இல்லேன்னாகூடச் சொல்ல மாட்டார். அவர்கிட்டப் போய்க் கேக்கறீங்களே!"

பெரியப்பா இருபத்தாறு வருடங்களாக மைக்செட் வைத்திருக்கிறார். தேர்தல் வந்துவிட்டால் அந்தத் தெருவில் கருத்து இல்லாதவரே கிடையாது. சலூன்காரர் ஒரு தலையைப் பாதி வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்து வாக்குவாதம் செய்வார். பாதித் தலைக்காரரும் துண்டோடு பின்னாலேயே வந்து அவரோடு மல்லுக்கு நிற்பார். பெரியப்பா எல்லாருக்கும் காது கொடுப்பார். யாருக்கும் பிடி கொடுக்க மாட்டார். காரணம் இருந்தது. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் அவருடைய செட்டுதான். ஒரு பக்கம் சாய்ந்தார் என்று தெரிந்தால் அடுத்த பக்கம் கை நழுவிவிடும். வருடம் முழுக்கக் கடை ஓடுவது தேர்தல் மாதத்து வேலையால்தான். அதனால் தன் ஓட்டைப் பெரியம்மாவிடம்கூடச் சொல்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மாலை, நகராட்சி அரங்கத்தில் இன்னொரு கச்சேரி. ஒரு பாடகி, இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ். நாலே பேர், சத்தம் நாற்பது பேருக்கு இருக்கும். உள்ளூர்க்காரர்கள்தான், பாட்டுகள் மட்டும் வேறு மொழியில். அவற்றைத் தமிழில் எழுதி, பாடப்பாட ஒவ்வொரு வரியாகத் திரையில் காட்டுவது அவள் வேலை. அதனால் அரங்கத்தின் கடைசியில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையில் பெரியப்பாவின் பக்கத்திலேயே அவளுக்கு நாற்காலி. டிரம்ஸ் அடி விழும்போதெல்லாம் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது.

மிக்ஸரில் குட்டி மைக் ஒன்று உண்டு. அதன் பட்டனை அழுத்திப் பேசினால், மேடையில் இருப்பவர்களின் காலடியில் உள்ள ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். 'சத்தத்தைக் குறை', 'அடுத்த பாட்டுக்குப் போ' என்று ரகசியமாகச் சொல்லிக்கொள்ள அந்த ஏற்பாடு. அன்று மதியம் பாடகியின் மைக் வந்துசேரத் தாமதமானது. பெரிய ஸ்பீக்கர்களைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பெரியப்பா அந்தக் குட்டி மைக்கையே அரங்கம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிவைத்து, "ஒன்… டூ… ஹலோ…" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து அரங்க மேனேஜர் ஒரு தாளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"தேர்தல் நேரம் சார். மேடைல ஒரு வார்த்தை அரசியல் வந்தாலும் கரண்ட்ட நிறுத்திடுவேன். அப்புறம் உங்க செட்டுக்கு இந்த அரங்கமே கிடையாது. இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

பெரியப்பா கையெழுத்துப் போட்டார். அந்தக் கவலையில், குட்டி மைக்கைப் பழையபடி மாற்ற மறந்துபோனார். இருபத்தாறு வருடத்தில் அவர் அதை மறந்தது அன்று ஒரு நாள்தான்.

மூன்று பாட்டு முடிந்தது. பாடகி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "வெளிய எதிர்ச் சுவத்தப் பாத்தீங்களா?"

அரங்கத்துக்கு எதிரே நீளமான சுவர். கண்டக்டர், நர்ஸ், தெரு கூட்டுபவர் என்று அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வரிசையாக நடப்பதுபோல டிரம்ஸ்காரர் தன் நண்பர்களோடு இரண்டு மாதம் வரைந்த ஓவியம் அதில் இருந்தது. போன வாரம்தான் அதற்கு வெள்ளையடித்துக் கட்சிச் சின்னம் வரைந்திருந்தார்கள்.

மேனேஜர் வாசலில் நின்று, கத்தியால் அறுப்பதுபோலக் கழுத்தில் விரலை ஓட்டிக்காட்டினார். பாடகியின் மைக்கை அணை என்று அர்த்தம். பேசிக்கொண்டிருக்கிறவர்களின் மைக்கைப் பெரியப்பா அணைத்ததே இல்லை. எந்தக் கட்சிக்காரர் எவ்வளவு உளறினாலும் முடிக்கவிடுவார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை அணைக்கும் பொத்தான் வரை போனது, நின்றது, குட்டி மைக்கின் பட்டனுக்கு நகர்ந்தது. சுவருக்காக ஐஸ் கம்பெனிக்காரர்களைத் திட்டப்போகிறாள், அப்படியானால் பாடகி வாத்தியார் கட்சி என்று அவராகவே முடிவுகட்டி, மெதுவாக, நயமாகச் சொன்னார்.

"தங்கச்சி, பேச்சு வேண்டாம், பாட்டுக்குப் போயிடு. எனக்கும் வாத்தியார்தான்மா. இந்தத் தடவையும் அவருக்குத்தான் போடப்போறேன். அதுக்காக வெளிய சொல்றேனா?"

எண்ணூறு பேர் அதைத் தெள்ளத்தெளிவாகக் கேட்டார்கள். பெரியப்பாவின் செட்டு அப்படி.

'சொல்றேனா' என்ற வார்த்தை அரங்கத்துச் சுவரில் முட்டி அவரிடமே திரும்பி வந்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. பட்டனிலிருந்து கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் உறைந்துபோனார். டிரம்ஸ்காரர் சமயம் பார்த்து ஒரே ஒரு அடி அடித்தார். அரங்கம் வெடித்துச் சிரித்தது.

"ரொம்ப நன்றிண்ணே," என்றாள் பாடகி. "நான் ஓட்டப் பத்திப் பேச வரல. சுவத்தப் பத்திப் பேச வந்தேன். பாதிச் சுவத்துக்கு வெள்ளையடிச்சது உங்க வாத்தியார் ஆளுங்கதான்!"

மறுபடியும் சிரிப்பு. மேனேஜர் தாளையும் மேடையையும் மாறிமாறிப் பார்த்தார். மேடையில் அரசியல் பேசக்கூடாது என்றுதான் அதில் இருந்தது. அரங்கத்தின் கடைசியிலிருந்து மைக்செட்காரரே பேசினால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்கவில்லை. அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கி, யார் என்ன சொன்னாலும் காதில் விழாத சத்தம் எழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பெரியப்பா தட்டில் கையே வைக்கவில்லை. "போச்சு. பதினொரு கூட்டமும் போச்சு. இனி அந்தப் பக்கத்து வாசப்படிய மிதிக்க முடியுமா?"

பெரியம்மாவின் கவலை வேறு. "இருபத்தாறு வருஷமா பக்கத்துல இருக்கேன், எங்கிட்டச் சொல்லல. ஊர் பேர் தெரியாத எண்ணூறு பேருக்குச் சொல்லியிருக்கார். நான் யாருக்குப் போடறேன்னு ஒரு நாளாவது கேட்டாரா? நான் ஐஸ் கம்பெனி. தெரிஞ்சுக்கட்டும்."

மறுநாள் காலையில் மீசைக்காரர் வந்தார். பெரியப்பா எழுந்து நின்றார். அவள் கையில் இருந்த டீயை அப்படியே கீழே வைத்தாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை கூட்டம் ஆறு மணிக்கு இல்ல, அஞ்சுக்கு. சீக்கிரம் வந்துடுங்க."

"தம்பி… நேத்து நடந்தது…"

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்," என்றார் மீசைக்காரர், வழக்கமான பெட்டிமேல் உட்கார்ந்தபடி. "எங்களுக்குப் பத்து வருஷமா தெரியும்ணே."

"எப்படி?"

"எங்க ஆளு பேச ஆரம்பிச்சா நீங்க டீ குடிக்கப் போயிடறீங்க. வாத்தியார் பேசினா வாயப் பொளந்துகிட்டு நிக்கறீங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அப்புறம் ஏன் தம்பி எனக்கே வேலை குடுத்தீங்க? அன்னைக்கு ஏன் எந்தப் பக்கம்னு கேட்டீங்க?"

"நீங்க என்ன சொல்லித் தப்பிக்கிறீங்கன்னு பாக்கத்தான். வேலையா? அதுக்கும் இதான் காரணம். நம்ம ஆளு இல்லையே, ஏதாவது குறைன்னு சொல்லிடுவாங்களேன்னு பயந்து பயந்து செட்டு பண்றீங்க. எங்க ஆளு குரல் மணி மாதிரி கேக்குது. வாத்தியாருக்கு நீங்க அவ்வளவு மெனக்கெடறதில்ல. நம்ம ஆளுதானேன்னு விட்டுடறீங்க!"

பெரியப்பா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் ஒரு நீண்ட மூச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு. பெரியம்மா எட்டிப் பார்த்து, "அப்பாடா, இப்பவாவது சாப்பிடுங்க," என்றாள். அன்று சாயங்காலம் வாத்தியாரின் ஆட்கள் வந்து கையைக் குலுக்கி, "இனி நீங்க நம்ம ஆளு. இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் சேத்துப் போடக்கூடாதா?" என்று கேட்டார்கள். "அதே நாலுதான்," என்றார் பெரியப்பா. "அதுக்கு முன்னாடி அந்தச் சுவத்துக்கு ஒரு வழி சொல்லுங்க."

அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, நானா சொன்னேன் என்பதுபோல அவளைத் திரும்பிப் பார்த்தார்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மதியம். பிரசாரம் ஓய்ந்து, தெருவே அமைதியாக இருந்தது. இருவரும் கடையில் உட்கார்ந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் பேச்சு எப்போதும் குறைவு. அன்று பெரியப்பாதான் வயரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சலூன்ல கூப்பிடறாங்கம்மா. இனி உனக்கென்ன, தைரியமா பேசுங்கறாங்க. நேத்து போனேன். ரெண்டு வார்த்தைக்கு மேல வரல. கேட்டுக் கேட்டே பழகிப்போச்சு."

"பழகினா வரும் பெரியப்பா."

"யார்கிட்டப் பழகறது? உங்க பெரியம்மா ஒரே போடுல என்னை முடிச்சுடறா. நீ ரெண்டு பாஷையில படிச்சவ." அவர் நாற்காலியை அவளுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நீ ஐஸ் கம்பெனிக்காரர் கட்சின்னு வச்சுக்கோ. எங்கூட ஒரு அரை மணி நேரம் சண்டை போடேன். பெரியப்பாதானேன்னு விட்டுக்குடுக்கக் கூடாது. நிஜமாவே எதிர்த்துப் பேசணும்."