ராக்கெட்டை வழியனுப்பிய வாஷிங் மெஷின்

டப்பிங் தியேட்டரில் அவளுக்குப் பெயரே 'கூட்டம் அக்கா'தான். சந்தை இரைச்சலோ, கல்யாணக் கும்பலோ, எந்தக் கூட்டத்துக்குக் குரல் கொடுத்தாலும், தன் குரல் தனியாகத் துருத்தாமல் இருக்க மைக்கை விட்டு நாலடி தள்ளி நின்று கத்துவாள். இத்தனை வருஷத்தில் இன்றுதான் தனி வசனம்! பழைய கறுப்பு வெள்ளைக் காதல் படத்தில் வரும் ரயிலடிப் பிரிவைக் கிண்டல் செய்யும் கார்ட்டூன் அது. ரயிலுக்குப் பதில் ராக்கெட், இவள் குரல் கொடுக்கும் நாயகி ஒரு வாஷிங் மெஷின் ரோபோ!

"போகாதீங்க!" என்று தொடங்கினாள். பழக்கதோஷத்தில் கால் பின்னால் நகர, குரல் தேய்ந்துபோனது.

"அக்கா, ராக்கெட்தான் கிளம்புது, நீங்க எங்க போறீங்க?" என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

மறுபடியும் அதே கதை. "இதான் கடைசி டேக். சரியா வரலேன்னா வேற ஆளை வச்சுக்கறேன்க்கா," என்றார் டைரக்டர்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து முதுகுக்குப் பின்னால் அணையாகப் போட்டுக்கொண்டாள். "போகாதீங்க!" கால் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! பின்னால் நகர்ந்து இடித்ததில் நாற்காலி தடாலென்று சாய்ந்தது. அவள் அசரவில்லை; ரோபோவாகவே பேச்சைத் தொடர்ந்தாள்.

"பயப்படாதீங்க, என் மூடிதான் கழண்டுச்சு. நீங்க மட்டும் போகாதீங்க!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓகேக்கா! இதையேதான் வைக்கறோம்!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பாடா! இன்னொரு தடவை நாற்காலியைச் சாய்க்கணுமோன்னு பயந்துட்டேன் தம்பி."