கிளவுஸ் அக்காவின் வலது கை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கிளவுஸ் அக்காவிடம் யாரும் பெயர் கேட்டதில்லை. வலது கையில் மட்டும் ஒரு கறுப்பு கிளவுஸ், வாயில் ஓயாத அதட்டல். அடையாளத்துக்கு அது போதாதா? "ஏன்க்கா ஒரு கைக்கு மட்டும்?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், "கியர் வழுக்குது" என்பாள். வருஷக்கணக்காக வழுக்கும் அந்தக் கியரை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியவில்லை.

உண்மை என்னவென்றால், அந்தக் கையில் ஆறு விரல். ஒரு சைஸ் பெரிய கிளவுஸுக்குள் சுண்டுவிரலும் அதன் குட்டித் தம்பியும் ஒரே அறையில் நெருக்கியடித்துக் குடியிருந்தன. பள்ளிக்கூடத்தில் 'பதினொண்ணு, பதினொண்ணு' என்று கூப்பிட்டே அழவைத்தார்கள். அப்போது மறைத்த கைதான். இப்போது விஷயம் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதற்குச் சாதாரணக் கையே போதும்.

அந்தச் சிலரில் முதல் ஆள் அவள் வீட்டுக்காரர். மார்க்கெட் முனையில் சாவி போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருந்தார். 'டூப்ளிகேட் சாவி' என்ற போர்டில் சாவி வெயிலில் வெளுத்துப்போக, மிச்சமிருந்த டூப்ளிகேட் மனுஷனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. கடையை மூடிவிட்டு வந்ததும் பெயின்டும் பிரஷுமாகச் சமையலறை மேசையைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள், கிளவுஸ் இல்லாமல் அவள் கையை வரையவேண்டும் என்று அடம்பிடித்தார்.

"ஏங்க, ஊர்ல வேற கையே கிடைக்கலையா?"

"கிடைச்சுது. எல்லாத்துலயும் அஞ்சு அஞ்சுதான் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் கை என்று ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, நிறுத்தியிருந்த காரில் கியர் மேல் கையை வைத்து உட்கார்ந்தாள். மனுஷன் பின்சீட்டில் குந்திக்கொண்டு நாள் கணக்கில் வரைந்தார்.

நூலகத்தில் உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்களுக்கு ஒரு கண்காட்சி. பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். பிடித்த படத்தின் கீழே அதை ஒட்டவேண்டும். அதிக ஸ்டிக்கர் வாங்கும் படம் நூலக வாசலில் நிரந்தரமாகத் தொங்கும். டூப்ளிகேட்டுக்கு அந்த வாசல் சுவர் மேல் அப்படியொரு ஆசை. ராத்திரி தூக்கத்தில்கூட ஆணி அடித்தார்.

மத்தியானத்துக்குள் கைப்படத்தின் கீழே சிவப்பு மொய்த்துவிட்டது! கிளவுஸ் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் கை, தான் ஒளித்த கை, அதை இத்தனை பேர் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள், பக்கத்திலேயே அது கிளவுஸுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பது தெரியாமல்! அவளிடம் கார் கற்றுக்கொள்ளும் நர்ஸ் ஒருத்தி, லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை கோட்டைவிட்டவள், ஓடிவந்தாள்.

"அக்கா, அந்த நரம்பைப் பாருங்க! ஊசி போடலாம்போல இருக்கு. இது உயிருள்ள கைக்கா!" என்று தன் ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் கடைக்காரர் உள்ளே வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். உதடு அசைய எண்ணினார்.

"ஆறு! ஐயய்யோ, ஏமாந்துட்டீங்களே. இது ஏஐன்னு கம்ப்யூட்டரே தானா போடுற படம். அதுக்கு விரல் எண்ணவே வராதுங்க."

"பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கே?" என்றது ஒரு குரல்.

"கம்ப்யூட்டர் போட்டதைப் பாத்து காப்பி அடிச்சிருப்பார். பேரே டூப்ளிகேட்!"

கூடம் கொல்லென்று சிரித்தது. அப்புறம் நடந்ததைத்தான் கிளவுஸ் அக்காவால் நம்ப முடியவில்லை. அதே வாய்கள். "அதானே, என்னடா ஒரே பளபளப்பா இருக்கேன்னு பாத்தேன்" என்றார் ஒருவர். "உணர்ச்சியே இல்ல, பொம்மைக் கை" என்றாள் ஒருத்தி. யாரோ ஒருவர் ஸ்டிக்கரை உரித்து எடுத்தார். பின்னாலேயே இன்னொருவர். பர் பர்ரென்று உரித்தார்கள். நர்ஸும் நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் அப்பவே பட்டுதுக்கா. நரம்பு கொஞ்சம் ஓவர்."

இதிலெல்லாம் பெரிய கொடுமை இன்னொன்று. அவளே படத்தைத் திரும்பிப் பார்த்தாள். சத்தியமாக, அவள் கண்ணுக்கும் அந்தத் தோல் பிளாஸ்டிக் மாதிரித்தான் தெரிந்தது! தன் கை, தான் உட்கார்ந்து காட்டிய கை. ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் கண் கட்சி மாறிவிட்டதே என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நூலகர் அம்மா சங்கடத்துடன் டூப்ளிகேட்டிடம் வந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. யாரைப் பாத்து வரைஞ்சீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லன்னா படத்தை இறக்கணும்."

"அதைச் சொல்ல முடியாதும்மா."

"பாத்தீங்களா!" என்றார் கடைக்காரர்.

டூப்ளிகேட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி நின்ற பக்கம் தப்பித்தவறிக்கூடக் கண்ணைத் திருப்பவில்லை. திருப்பினால் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்ற பயம். பிறகு தானே ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றக் கையைத் தூக்கினார். அதைப் பார்த்ததும் கிளவுஸ் அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆசைப்பட்ட சுவரையே விட்டுக்கொடுக்கிறாரே இந்த மனுஷன், என் ஒரு விரலுக்காக!

"இறக்காதீங்க!"

காரில் போடும் அதே அதட்டல். கூடம் சடன் பிரேக் போட்டது. அவள் பல்லால் கிளவுஸைக் கவ்வி இழுத்தாள். வியர்வையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, பிடுங்கி எறிந்தாள். கையை விரித்து உயரத் தூக்கினாள்.

"எண்ணிக்கோங்க. நிதானமா எண்ணுங்க. கம்ப்யூட்டருக்கு எண்ண வராது, உங்களுக்கு வருமில்ல?"

மூக்கில் விரல் வைக்காத ஆள் இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, நிஜமாகவே வியந்து, "இப்ப பாக்கும்போது படத்துல என்ன ஒரு உயிர்!" என்றார்.

அவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு பீறிட்டது. "அண்ணே, படம் அதேதான். அதுல ஒரு புள்ளிகூட மாறல. நானும் அதைப் பிளாஸ்டிக்னு நினைச்சவதான், என்னையும் சேத்துக்கோங்க."

ஸ்டிக்கர்கள் திரும்பி வந்தன. உரித்து ஒட்டியதில் பசை போய் விழுந்தவற்றை நர்ஸ் தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். படம் வாசல் சுவருக்குப் போனது. ஆணியை டூப்ளிகேட்தான் அடித்தார், சந்தோஷத்தில் தன் கட்டைவிரல் மேலும் ஒன்று போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை நர்ஸுக்கு வகுப்பு. கிளவுஸ் டாஷ்போர்டில் தூசி துடைத்துக்கொண்டிருந்தது. கியர் மேல் வெறுங்கை. காற்று பட்டு ஆறு விரலும் குளுகுளுவென்றிருந்தன. நர்ஸ் வண்டியை எடுத்தாள், கண் மட்டும் அந்தக் கையை விட்டு அகலவில்லை. எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்தது.

கிளவுஸ் அக்கா தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள். "அடியே, கை எங்கயும் ஓடிடாது. ரோட்டைப் பாரு!"